எர்த் கம்பியைக் கழற்றிய மத்தியானம்

போன வாரம் கஹவத்தைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஒலிபெருக்கியில் 'உம்ம்' என்று விடாத இரைச்சல். மைக்செட்காரர் குனிந்து, பெட்டியில் கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற எர்த் கம்பியைக் குறட்டால் வெட்டிவிட்டார். இரைச்சல் நின்றது. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் எழுந்து போய், "தம்பி, அதத் திரும்பப் பூட்டிருங்க" என்றேன். "ஐயாவுக்குப் பாட்டு வேணுமா, இரைச்சல் வேணுமா?" என்று சிரித்தார். வாதாட உடம்பில் தெம்பில்லை. உட்கார்ந்துகொண்டேன். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் காலத்து ஆம்பிளிபயரில் வால்வு சூடேறினால் தூசி கருகுகிற மணம் வரும். எனக்கு அந்த மணத்தோடு புளித்த ரப்பர் பால் மணமும் ஒட்டிக்கொண்டு வரும். கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஸ்டோரில்தான் நான் மின்சார வேலை பார்த்தேன். ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் பால் உறையவைத்து ஷீட் அடிக்கிற தொழிற்சாலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. ஓடைத் தண்ணீரில் டர்பைன் ஓட, நானும் எஞ்சின் டிரைவர் பியதாசவும் அதைக் கட்டி மேய்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவன் பாதி தமிழ் பேசுவான், நான் பாதி சிங்களம் பேசுவேன். சண்டை மட்டும் இரண்டு பாஷையிலும் முழுசாக நடக்கும்.

ஒரு கிறிஸ்துமஸுக்குத் துரை தோட்டத்து மாதா கோயிலுக்கு ஆம்பிளிபயரும் மைக்கும் புனல் ஸ்பீக்கரும் தருவித்துக் கொடுத்தார். பங்களாவிலிருந்த தன் ரேடியோவையும் அனுப்பிவைத்தார். பாட்டு நடுவே ரேடியோவும் கேட்கட்டும் என்று. அப்போது எனக்கு என்னைவிடக் கெட்டிக்காரன் சபரகமுவையிலேயே இல்லை என்று நினைப்பு. ஆம்பிளிபயருக்கு ஸ்டோர் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு எர்த் இழுத்தேன். ரேடியோவுக்குக் கோயில் சுவரோரம் கம்பி அடித்து இன்னொன்று. இரண்டு பெட்டியையும் ஒயரால் சேர்த்ததும் ஆரம்பித்தது இரைச்சல், கூட்டுக்குள் மாட்டிய வண்டு மாதிரி.

இரண்டு இடத்து எர்த் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அந்த வித்தியாசம்தான் ஒயர் வழியே சுற்றி வந்து இரைகிறது என்பது பின்னால் படித்துத் தெரிந்தது. இரண்டு பெட்டியையும் ஒரே கம்பியில் சேர்த்துக் கட்டியிருந்தால் போதும். அரை மணி நேர வேலை.

அன்று மத்தியானம் பாட்டு ஒத்திகை. மழை விட்டும் விடாமலும் தூறல். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் பொறுமையில்லாமல் நடந்துகொண்டிருந்தார். "என்னப்பா, தொர வந்தா இந்த ஊளையவா கேக்க வைக்கப்போற?" ரேடியோவின் எர்த்தைக் கழற்றினேன். இரைச்சல் குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். மிச்சமும் போகட்டுமே என்று ஆம்பிளிபயரின் எர்த்திலும் கை வைத்தேன்.

"ஓக்க கலவன்ன எப்பா, மச்சாங்," என்றான் பியதாச. "அதக் கழட்டாத. பெட்டி எல்லாம் ஈரம்."

நான் கழற்றினேன். சுத்தமான நிசப்தம். கிளாக்கர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டல் எவ்வளவு இனித்தது என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முன்பாட்டுக்காரி சலேத்தம்மா. பால் வெட்டுகிறவள், முப்பது வயதிருக்கும். காலையில் மலையில் அவள் பாடினால் அடுத்த மலையில் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மழையில் நனைந்த வெறுங்காலோடு வந்து, தனக்கு உயரம் சரியில்லை என்று இரும்பு மைக்கைப் பிடித்து இறக்கினாள். அவ்வளவுதான். சத்தம்கூட வரவில்லை. வாய் திறந்தபடி இருக்க, உடம்பு மட்டும் உதறியது. கை மைக்கை விடவில்லை. நான் மரமாக நின்றேன். பியதாசதான் பாய்ந்து மெயின் சுவிட்சை இழுத்தான்.

உயிர் பிழைத்தாள். உள்ளங்கை வெந்து, இரண்டு விரல் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. வெட்டுக்கத்தி பிடிக்க முடியாது.

கிளாக்கர் துரையிடம் சொன்னது வேறு: ஈரக் கையோடு சொல்பேச்சுக் கேட்காமல் தொட்டாள். என்னிடம் தணிந்த குரலில், "நீ வாயத் தொறக்காத" என்றார். மூன்று நாள் திறக்கவில்லை. பியதாச என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சலேத்தம்மா குடியிருந்த லயத்து அறைக்குப் போய், கம்பியைக் கழற்றியது நான்தான் என்றேன்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே, நான் ஒரு தப்பும் செய்யலன்னு. தொரகிட்டப் போய்ச் சொல்லுங்க. என் பேர்ல தப்புன்னு எழுதிட்டா, நாளைக்கு இந்தக் கையோட எனக்கு என்ன வேல தருவாங்க?"

போனேன். முழுவதையும் சொன்னேன். அவளுக்கு ஸ்டோரில் ஷீட் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. எனக்கு மாத முடிவோடு கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். பஸ் ஏற்றிவிட வந்த பியதாச, "ஹரி, மச்சாங்", சரி மச்சான், என்று மட்டும் சொன்னான். அது மன்னிப்பா, வழியனுப்பா என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் கழற்றிப் பூட்டாத எர்த் ஒன்றுமில்லை. வேகமில்லாத ஆள் என்று பெயர் வாங்கினேன். அது நல்ல பெயர்தான்.

வெகு காலம் கழித்து, தோட்டத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வருஷங்களில், ஒருநாள் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போன கையோடு அந்தத் தோட்டத்துக்கும் போனேன். ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. கோயில் இருந்த மேட்டில் ரப்பர் கன்று நட்டிருந்தார்கள். பியதாசவைத் தெரிந்தவர் யாருமில்லை. சலேத்தம்மாவின் பழைய லயத்து வாசலில், நரை விழுந்த ஒரு அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகப் பக்கத்துக் காம்பிராவில், அடுத்த அறையில், இருந்தவராம்.

"சலேத்தக்காவா? அவங்க போன மாசந்தான் கப்பல் ஏறுனாங்க."

"கடைசிவரைக்கும் கோயில்ல பாடினாங்களா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா சுளகை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாட்டா? அந்தக்கா பாடுவாங்களா?"