ஊற்றுப் பாறையில் நான் கிழித்த கோடுகள்

செம்மேட்டில் கூட்டம் என்றார்கள். எங்கள் ஆலத்தூர் நாட்டு மலையூர்களில் இருந்து பத்துப் பேர் போனோம். இருபத்தைந்து வருஷம் கழித்து இந்த மலை எப்படி இருக்கும் என்று எங்களைக் கேட்டு எழுதி அரசாங்கத்துக்குக் கொடுப்பார்களாம். அதைப் பார்த்துத்தான் ரோடு எங்கே போடுவது, எங்கே ஆழ்துளைக் கிணறு, அதான் போர், போட விடக்கூடாது என்று முடிவு செய்வார்களாம். நடத்தியது சென்னையில் இருந்து வந்த ஒரு மேடம்.

"நாளைக்கு மழை வருமான்னே தெரியலீங்க. இருவத்தஞ்சு வருசத்துக்கு எங்க போறது?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார்.

அப்போது என் பங்காளி எழுந்தான். பெரியப்பா மகன். என்னை விட ஆறு மாதம் மூத்தவன். பக்கத்து வயல். அவனுக்கு வாய் உண்டு. எனக்கு இல்லை.

"எங்க ஊத்துத் தண்ணி வருசா வருசம் கீழ எறங்குதுங்க. பாறையில கோடு போட்டு வெச்சிருக்குது. மேல போர் போட்டாங்கன்னா எங்க பசங்க காலத்துலயே ஊத்து செத்துரும்."

கோடு போட்டது நான். கல்யாணமான வருஷத்தில் இருந்து, பங்குனிக் கடைசியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் அரிவாள் முனையால் ஒரு கோடு. யாரும் சொல்லிச் செய்யவில்லை. மிளகு பறிக்கும்போது ஒரு நாள் அவனிடம் சொன்னேன். அதை அவன் மைக்கில் சொன்னான். யார் போட்டது என்று சொல்லவில்லை.

மேடம் மஞ்சள் தாளில் எழுதி மேசையில் முதலாவதாக வைத்தார். கை தட்டினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு மொச்சை கொடுத்து, எதற்கு ரொம்பப் பயமோ அந்தத் தாளில் வைக்கச் சொன்னார்கள். மற்ற எல்லார் மொச்சையும் ஊற்றுக்கே போனது. நான் மட்டும் என்னுடையதை ரோடு என்று எழுதிய தாளில் வைத்தேன்.

அடுத்த வாரம் மேடம் கோட்டைப் பார்க்க வந்தார். ஐப்பசி மாதம். ஊற்று நிறைந்து கிடந்தது. பங்காளி தண்ணீருக்கு மேலே பாசியைச் சுரண்டிச் சுரண்டித் தேடினான். கோடுகள் தண்ணீருக்குள் இருப்பது அவனுக்குத் தோன்றவில்லை.

"நீங்க பாத்திருக்கீங்களா அய்யா?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

பங்காளி என்னைப் பார்த்தான். போட்டதே இவன்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். "நாந்தான் தப்பா சொல்லிட்டனுங்க" என்றான். தலை குனிந்தான்.

"ஆதாரம் இல்லாம அறிக்கையில சேர்க்க முடியாது. நாளான்னிக்கு கடைசிக் கூட்டம்" என்று மேடம் போய்விட்டார்.

அன்றைக்குச் சாமைச் சோறு இரண்டு தரம் வாங்கித் தின்றேன்.

"என்ன, இன்னைக்கு வாயெல்லாம் பல்லா இருக்குது?" என்றாள் என் மனைவி. சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அந்தத் தண்ணி அவுங்க வயலுக்கு மட்டுந்தான் பாயுதா? பங்காளிக் காய்ச்சலுக்கு ஊத்தையே குடுத்துட்டு வந்தீங்களா?"

விடிந்ததும் முதல் பஸ்ஸில் செம்மேடு போய் மேடத்தைப் பார்த்தேன்.

"கோடு இருக்குதுங்க. தண்ணிக்குள்ள இருக்குது. போட்டது நான்."

"அப்ப நேத்து ஏன் இல்லைன்னீங்க?"

"வயித்தெரிச்சலுங்க."

மேடம் சிரிக்கவில்லை. ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

பாறையில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் கையை விட்டார். "இன்னுங் கீழ விடுங்க" என்றேன். விரலால் தடவித் தடவி எண்ணினார். தோள் வரை நனைந்தது. கடைசி இரண்டு கோடு அவருக்கு எட்டவில்லை. நான் கையை விட்டு எண்ணிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பங்காளி களைக்கொத்தோடு வந்து நின்றான்.

"தண்ணிக்குள்ளன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கைய விட்டுக் காட்டியிருப்பேனேடா?"

"அதுக்குத்தான் சொல்லல."

ஊற்று அறிக்கையில் சேர்ந்தது. பிறகு அறிக்கை புத்தகமாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் ஊற்று இருந்தது. கோடு இருந்தது. யார் பெயரும் இல்லை, விவசாயிகள் என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு படம். பங்காளி மைக் பிடித்து நிற்கிறான். நல்ல வெள்ளைச் சட்டை. படத்தில் என்னைத் தேடினேன். இல்லை.

இந்தப் பங்குனியிலும் கோடு போட்டேன். போன வருஷத்துக்கு நாலு விரல் கீழே. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி மேடத்துக்குப் போன் போட்டேன். போர் பற்றி முடிவு இன்னும் வரவில்லை என்றார். நாலு விரலைக் குறித்துக்கொண்டார்.

"இந்த வருசத்து அளவ மொதல்ல சொன்னது நாந்தானுங்களா?"

"ஆமாங்க அய்யா."

இறங்கி வந்தேன். பங்காளி போனைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே மேடேறி வந்தான்.