முன் ஃபோர்க்கில் ஒரு கோடு

யுவராணிக்குப் பயம் கூடவே பிறந்தது. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். கணவர் மதன்குமாரின் ஜீப் வரக் கொஞ்சம் தாமதமானால் குமுளி மலைப்பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றும் அவள் கண்ணுக்குள் வந்து போகும். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் மகள் ஓவியா போனை எடுக்காவிட்டால், அவளுடைய அறைத்தோழி திரிஷாவுக்கும் போன் போகும். வடுகபட்டியில் பூண்டுக் கமிஷன் கடைக்காரரின் மகளாய்ப் பிறந்து, கூடலூருக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவளை ஊரில் எல்லோருக்கும் 'பயந்தாங்கொள்ளி' என்றுதான் தெரியும்.

அப்படிப்பட்டவள் பயப்படாத இடம் ஒன்று உண்டு. ஒரு பழைய சிவப்பு சைக்கிள்.

அதைக் கொண்டுவந்தது மதன்குமார்தான். குமுளியில் வெள்ளைக்காரர்கள் தங்கிப்போன லாட்ஜ் ஒன்றை மூடியபோது, பின்கட்டில் மழையில் நனைந்துகொண்டிருந்ததை ஜீப்பில் தூக்கிப் போட்டு வந்தார். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்த சமயம் அது. நடக்கப் போனால் நடையைவிடக் கவலைதான் நீண்டது.

"நடக்கத்தான் பிடிக்கலேங்குறயே, இத மிதி. வெளிநாட்டுச் சாமான். மலையில ஓட்டுறதுக்குன்னே செஞ்சது" என்றார்.

கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, நிறுத்திவைக்க ஸ்டாண்டுகூடக் கிடையாது. முப்பது வருடத்துக்கு முந்திய இரும்புக் குழாய். டயர் இரண்டும் டிராக்டர் சக்கரம் போலக் கட்டை கட்டையாய் இருந்தன. "என்ன யுவராணி, எருமை வாங்கியிருக்க போல" என்று பக்கத்து வீட்டு சுப்புத்தாய் கேட்டாள். துருவைத் தேய்த்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, முதல் நாள் வாய்க்கால் கரையில் ஓட்டிப் போன யுவராணி, திரும்பி வரும்போது வேறு முகத்தோடு வந்தாள்.

என்ன பிடித்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஹேண்டில்பாரின் மேலே கட்டைவிரலால் தள்ளும் கியர் பிடி இருந்தது. தள்ளினால் 'டிக்' என்று விழும், விழுந்தது விரலுக்கே தெரியும். முன்னால் ஸ்பிரிங் எதுவும் இல்லாததால் பாதையில் கிடக்கும் கல்லெல்லாம் மணிக்கட்டுக்கு வந்து சேதி சொல்லிவிட்டுப் போகும். அண்ணன் மகனின் புது சைக்கிளையும் ஒருநாள் ஓட்டிப் பார்த்தாள். டிஸ்க் பிரேக், முன்னால் ஷாக் அப்சார்பர், எடையே இல்லை. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கீழே என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. இறங்கிக்கொண்டாள். "நம்ம வண்டி எதையும் மறைக்காது" என்று ஓவியாவிடம் சொன்னாள்.

அப்புறம் 'பழைய இரும்பு' என்ற வாட்ஸப் குரூப்பில் சேர்ந்தாள். பெங்களூர், கொச்சி, நாகர்கோவில் என்று பல ஊர்க்காரர்கள், எல்லோரும் இதே மாதிரி வண்டிப் பித்தர்கள். ஒருத்தர் போட்டோ போடுவார், மற்றவர்கள் பிரேக் கட்டையிலிருந்து ஹேண்டில் உறை வரைக்கும் பேசித் தீர்ப்பார்கள். வருடங்கள் ஓடின. ஞாயிற்றுக்கிழமை காலையில் லோயர்கேம்ப் வழியாக மலையேறி, குமுளியில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி வருவது யுவராணிக்கு வழக்கமாகிவிட்டது. ஏறும்போதும் இறங்கும்போதும் அவளுக்குக் கவலை என்பதே வந்ததில்லை.

போன மே மாதம் லீவுக்கு வந்திருந்த ஓவியா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு நான் போயிட்டு வாறேன்மா. குமுளி வரைக்கும்."

வேறு எந்த வண்டியென்றாலும் யுவராணி ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். "இறக்கத்துல பாத்து வா ஆத்தா" என்று மட்டும் சொன்னாள். வாசலில் சைக்கிளோடு நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தாள். ஓவியா தெருவைத் தாண்டியதும் அதைக் குரூப்பில் போட்டுவிட்டு, துணி துவைக்கப் போய்விட்டாள்.

துணியை உலர்த்திவிட்டு வந்து பார்த்தபோது நிறையப் பேர் பூவும் கைதட்டலும் போட்டிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே நாகர்கோவில் ஏசுதாசன் எழுதியிருந்தார்: "மேடம், முன் ஃபோர்க்கில், மேலே இரண்டு காலும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறதே. கீறலா, வெடிப்பா? பார்க்காமல் ஓட்ட வேண்டாம்."

முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் கவைதான் ஃபோர்க். யுவராணி படத்தை விரலால் அகட்டினாள். சிவப்புப் பெயிண்டின் மேல் மயிரிழை போல ஒரு கோடு. இன்னும் அகட்டினால் படம் கலங்கியது. நிழலாக இருக்கலாம். தலைமுடி ஒட்டியிருக்கலாம். போன வாரம் வாய்க்கால் மதகில் சக்கரம் ஒரு பள்ளத்தில் 'டொம்' என்று இறங்கியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு இறங்கி ரிம்மை மட்டும்தான் பார்த்தாள்.

ஓவியாவுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஏசுதாசனுக்குப் போட்டாள்.

"பயப்படுத்தணும்னு சொல்லலை மேடம்" என்றார் அவர். "ஏத்தத்துல ஒண்ணும் ஆகாது. இறக்கத்துல முன் பிரேக்கைப் பிடிச்சா மொத்த பாரமும் அங்கதான் விழும். எனக்கு அப்படித்தான் ஒடிஞ்சுது. முன்பல்லு ரெண்டும் போச்சு. மகள் இப்ப எங்க?"

"மலையில" என்றாள் யுவராணி.

அடுத்து மதன்குமார். வண்டன்மேட்டுப் பக்கம் சவாரி போயிருந்தவர் உடனே எடுத்துவிட்டார்.

"போட்டோவுல கோடா? நீ எல்லாத்துக்கும் இப்படித்தான். கேஸ மூடலன்னு என்னையப் பாதி வழியில திருப்பி விட்டயே, மறந்துட்டியா?"

"ஏங்க, இது அப்படி இல்லீங்க."

"நான் இங்கயிருந்து வாறதுக்குள்ள புள்ள வீட்டுக்கே வந்துரும். சும்மா இரு."

வாழ்நாளெல்லாம் புலி வருது புலி வருது என்று சொன்னவளின் பேச்சை யார் நம்புவார்கள்? அவளுக்கே பாதி நம்பிக்கைதான் இருந்தது. ஆனாலும் கை தானாக ஸ்கூட்டர் சாவியை எடுத்தது.

லோயர்கேம்ப் டீக்கடையில் கேட்டாள். "சிவப்புச் சைக்கிள்தான? அப்பவே ஏறிருச்சே" என்றார் கடைக்காரர். மலையேறத் தொடங்கியதும் போனில் சிக்னல் போய்விட்டது. ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவரை ஒட்டி ஸ்கூட்டரை மெதுவாக்கிக் கீழே எட்டிப் பார்த்தாள். பார்க்கும்போதே, பார்க்கிற பொருள் அங்கே இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். ஒரு வளைவில் புதருக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. சிப்ஸ் பாக்கெட்.

மாதா கோயில் வளைவைத் தாண்டியபோது எதிரே இறங்கி வந்த ஜீப் ஒன்று நின்றது. மதன்குமாரோடு வண்டி ஓட்டும் அய்யாத்துரை தலையை நீட்டினார்.

"என்ன மதினி, அம்மாவும் மகளும் ஆளுக்கொரு வண்டியில? பாப்பா மேல செக்போஸ்ட்டுகிட்ட டீ குடிச்சிட்டு நின்னுச்சு. இந்நேரம் எறங்க ஆரம்பிச்சிருக்கும்."

"எறங்கிருச்சா?"

"பின்னாலயேதான் வந்துக்கிட்டிருக்கும். ஏன், என்ன?"

அவள் ஸ்கூட்டரை முறுக்கினாள். பாதையின் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கி மகளை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அதுவரை அவள் திட்டம். இன்னும் ஒரு வளைவு ஏறியதும், தலைக்கு மேலே தெரிந்த பாதையில் மரங்களுக்கிடையே சிவப்பு நிறம் விரைந்து இறங்குவதைப் பார்த்தாள். அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. அம்மா நடுரோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஓவியா என்ன செய்வாள்? பதறிப்போய் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பாள். எது நடக்கக் கூடாதென்று ஓடி வந்தாளோ, அதைத் தானே நடத்திவைத்த மாதிரி ஆகிவிடும்.

ஸ்கூட்டரை இறக்கம் பார்க்கத் திருப்பி, ஓரமாக நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதுவுமே நடக்காததுபோல நிற்க வேண்டும். அவளுக்கு அது பழக்கமே இல்லை.

ஓவியா வளைவில் திரும்பினாள். "ம்மா! நீ எங்கன இங்க?" என்று கத்தினாள். விரல்கள் பிரேக்குக்குப் போயின.

"நிக்காத! போ, போ!" யுவராணி சிரித்துக்கொண்டே கையை வீசினாள். "நான் பின்னாலயே வாறேன்!"

ஓவியாவும் சிரித்தபடி கடந்து போனாள். யுவராணி ஸ்கூட்டரைக் கிளப்பி அவள் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இப்போது காற்றுச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்படி, ஆனால் குரல் உயராமல் பேச வேண்டும்.

"ஓவியா, வலது கை பிரேக்கத் தொடாத. வெரலயே எடுத்துரு. இடது கை மட்டும் பிடி. மெதுவா."

"ஏம்மா?"

"பெறகு சொல்றேன். சொன்னதச் செய்யி, தாயி."

அம்மாவின் குரலில் எப்போதும் இருக்கும் பதற்றம் அன்றைக்கு இல்லை. அதனால்தான் பயந்துபோனேன் என்று ஓவியா பின்னால் சொன்னாள். முன் பிரேக்கான வலது கைப் பிடியிலிருந்து விரல்களை எடுத்து ஹேண்டில்பாரில் மடக்கிக்கொண்டாள். பின் பிரேக் ரப்பர் கிறீச்சிட்டது. வேகம் குறைந்தது, ஆனால் போதவில்லை. கீழே வளைவுக்கு அப்பால் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"ம்மா, நிக்க மாட்டேங்குது!"

"நிக்கும். இடப்பக்கம் மண்மேடு வருது பாரு, அதுல ஏத்து. விழுந்தாலும் பரவால்ல, சாஞ்சு விழு. வலது கை மட்டும் வேணாம்."

ஓவியா மலையோரம் சரிந்து கிடந்த மண்ணில் சக்கரத்தை விட்டாள். சருகுக்குள் டயர் புதைந்து சைக்கிள் சாய்ந்தது, அவளும் சாய்ந்தாள். முழங்கால் சிராய்த்தது. வளைவில் திரும்பிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைக் கடந்து மேலே ஏறிப் போயிற்று.

யுவராணி ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

"என்னம்மா ஆச்சு? அப்பாவுக்கு ஏதும்...?"

"அப்பா நல்லாருக்காக. வண்டியத் தூக்கு."

சேலைத் தலைப்பை எச்சில் தொட்டு அந்த இடத்தைத் துடைத்தாள். கோடு போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தாள், நகம் மாட்டியது. அப்போதும் மனசு கீறலாக இருக்கட்டும் என்றுதான் கெஞ்சியது. வலது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினாள். கோடு ஒரு வாய் போலத் திறந்தது. தளர்த்தியதும் மூடிக்கொண்டது.

ஓவியா அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேல வரும்போது லேசா ஒரு சத்தம் கேட்டுச்சும்மா" என்றாள். "கியர்னு நெனச்சேன்."

வீட்டில் மதன்குமாரிடம் அந்த வெடிப்பைத் திறந்து காட்டியபோது அவர் முகம் வெளுத்தது. ஓவியாவின் முழங்காலுக்குத் தானே மருந்து போட்டார். மறுநாள், "பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டுருவோம்" என்றார். வேண்டாம் என்று சொன்னவள் ஓவியா. புது சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றதற்கும் அவள் மசியவில்லை.

"அது ஒடியலயேப்பா. கடைசி வரைக்கும் தாங்குச்சுல்ல?"

பட்டறை வைகுண்டராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெல்டிங் வைக்கமாட்டேன் என்று கை விரித்துவிட்டார். குரூப்பில் கேட்டார்கள். பெங்களூர்க்காரர் ஒருத்தர் அதே காலத்து ஃபோர்க் ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினார். வந்தது பழுப்பு நிறத்தில் இருந்தது. சிவப்பு வண்டிக்குப் பொருந்தவே இல்லை, பெயிண்ட் அடிக்கலாமா என்று ஓவியா கேட்டாள். வேண்டாம், பெயிண்டுக்குக் கீழே எது இருந்தாலும் தெரியாது என்றாள் யுவராணி. தினமும் காலையில் பல் விளக்கும் முன் அந்த ஃபோர்க்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

ஒரு சனிக்கிழமை அவள் மட்டும் கிளம்பி மலையேறினாள். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே வலது கை பிரேக்கைப் பிடித்தாள். முதலில் லேசாக, பிறகு முழுசாக. ஃபோர்க் அசையவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே கியர் 'டிக்' என்று விழுந்தபோது, அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. லோயர்கேம்ப்பில் இறங்கியபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் ஓவியா, "பயமா இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"பெறகு ஏன் போன?"

"நாளைக்கு நீ போவேல்ல? அதுக்கு முந்தி நான் ஒருக்க எறங்கிப் பாக்க வேணாமா?"

மறுநாள் ஓவியா போனாள். யுவராணி வாசலிலேயே நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். மதன்குமார் அன்றைக்குச் சவாரி எதுவும் எடுக்காமல் ஜீப்பைத் துடைக்கிற சாக்கில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியபிறகுதான் ஓவியா வந்து சேர்ந்தாள். குமுளியில் சூடாகப் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தார்களாம், நின்று தின்றாளாம்.

"ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று கத்தியது மதன்குமார்தான். யுவராணி அதற்குள் சைக்கிளை வாசல் திண்டில் சாய்த்து வைத்து, முன்னால் குனிந்து, அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.