தேவசுந்தரியின் விதைப்பு நாள்

தேவசுந்தரியின் நிலத்தில் மண்வெட்டி போட்டால் முதலில் கேட்பது கல் சத்தம்தான். கனகம்மாசத்திரத்துக்கு மேற்கே எங்கள் எல்லாருக்கும் அதே சரளை மண். மானாவாரியில் வேர்க்கடலை போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற பிழைப்பு. ஒரு மழை ஏமாற்றினால் விதை கருகிவிடும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் மனை வியாபாரிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

அவள் புருஷன் ஜோசப் கடைசியாக ஒரு போர்வெல் போட்டுப் பார்த்தார். புழுதிதான் வந்தது. ஏற்கெனவே இழுப்பு நோய்க்காரர். அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார்.

பிறகுதான் அந்தக் குழாய் மூச்சுவிட ஆரம்பித்தது. வெற்றுக் குழாயில் காற்று ஏறி இறங்குவது சகஜம் என்று போர் வண்டிக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அது ஜோசப்பின் மூச்சு. அவரோடு எத்தனை வருஷம் டீ குடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? தேவசுந்தரி அவருடைய பழைய துண்டைக் கிழித்துக் குழாய் வாயில் கட்டினாள். மழைக்கு முன்னால் துணி மேலே எழும்பி ஆடும். வறட்சி தொடங்கினால் குழாய் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். துணி எழும்பினால் விதைப்பாள். ஒரு வருஷமும் தப்பவில்லை. நாங்கள் கிண்டல் செய்வோம்; ஆனால் அவள் விதைக்காமல் ஒருத்தனும் விதைக்கமாட்டான்.

இந்த வருஷம், திறந்து கிடக்கும் குழாய்களை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆட்கள் வந்து சிமென்ட் போட்டு மூடினார்கள்.

"அவரு வாய அடைச்சிட்டாங்கண்ணா" என்று அழுதாள்.

ஆடி வந்தது. மலைப்பக்கம் மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. அவளிடம் மிச்சம் இருந்தது ஒரு மூட்டை விதை. அதுவும் கருகினால் நிலத்தை விற்க வேண்டியதுதான். மனைக்காரன் பேசியே வைத்திருந்தான். சிமென்ட்டில் காதை வைத்து வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

ஒரு மத்தியானம், எப்போது விதைக்கப் போகிறாள் என்று கேட்கப் போனேன். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே காலை வைத்ததும் ஜோசப்பின் அதே இழுப்புச் சத்தம். தேவசுந்தரிக்கு ஒரு நாளும் நெஞ்சில் சளி கட்டியதில்லை. முகத்தில் போட்டிருந்த முந்தானை மேலே எழும்பியது, எழும்பியபடியே நின்றது. மூச்சு வெளியே வந்துகொண்டே இருந்தது, உள்ளே போகவே இல்லை.

மூலையில் நின்ற அவள் மகள் ப்ளெஸ்ஸி, அம்மாவைப் பார்த்து மெல்ல, "நைனா?" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "மாமா, நைனா சொல்லிகினு கீறாரு. வெதய எடுங்க" என்றாள்.

தட்டி எழுப்பினோம். தேவசுந்தரி எழுந்ததும் விதை மூட்டையை அவிழ்த்தாள். அன்றே விதைத்தோம், மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு காய்ப்பை அந்த மண்ணில் நான் பார்த்ததில்லை. மனைக்காரன் வந்த வழியே போனான்.

இப்போது அறுவடை முடிந்து, காற்றும் காய்ந்து வறட்சி தொடங்கிவிட்டது. நேற்று அங்கே போனேன். தேவசுந்தரி சிரித்துப் பேசிக்கொண்டே கட்டிலில் சாய்ந்தாள். கண் அயர்ந்ததும் ப்ளெஸ்ஸி ஓடிவந்து, அம்மாவின் முகத்தில் கிடந்த முந்தானையைப் பிடுங்கி எடுத்தாள்.

"ஏம்மா?" என்றேன்.

"உள்ள இழுக்குது மாமா."