செபமாலையின் மற்றப் பாதி

கடந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு காலை, என் கணவர் சவிரிமுத்து குசினி வாசலில் சரிந்து விழுந்தார். பாரிசவாதம், ஒரு பக்கம் இயங்கவில்லை. எங்கள் ஊர் சுருவிலில் இருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், “ஆண்டவரே, உயிரை மட்டும் தாரும்” என்று கெஞ்சினேன். உயிரைத் தந்தார். பேச்சு வரவில்லை.

மாசியில் அவரை ஆஸ்பத்திரியின் புனர்வாழ்வு விடுதிக்கு மாற்றினார்கள். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் கடலில் காற்றை மீறிக் கூப்பிட்டுப் பழகிய மனிதர், தண்ணீர் கேட்க முடியாமல் அழுதார். இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன், பயம்தான் கூடியது. “அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவேண்டும்” என்பதே என் மன்றாட்டாயிற்று.

பேச்சுப் பயிற்சி கொடுத்த இளம்பெண் ஒருநாள் என்னைத் தடுத்தார். “அம்மா, அவர் வாய் திறக்க முதல் நீங்களே சொல்லிப்போடுறியள். கொஞ்சம் பொறுங்கோ.”

எங்கள் வீட்டில் செபமாலையின் ஒவ்வொரு ‘அருள் நிறைந்த மரியே’ செபத்திலும் முதற்பாதியை நான் சொல்ல, மற்றப் பாதியை அவர் சொல்வார். கலியாணமான நாளிலிருந்து அப்படித்தான். விடுதியிலோ இரண்டையும் நானே முணுமுணுத்து முடித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை முதற்பாதியைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அவருடைய உதடு துடித்தது. காத்திருந்தேன்.

“...இறைவனின் தாயே” என்றார்.

பக்கத்துக் கட்டில் காரைநகர் ஐயா, மாலையில் தேவாரம் பாடும் சைவக்காரர், எழும்பி உட்கார்ந்துவிட்டார். “தங்கச்சி, நிப்பாட்டாதையும்! மனுசன் கதைக்கிறார்! என்ரை தேவாரம் பிறகு பாப்பம்!”

மறுநாள் அந்தப் பயிற்சிப் பெண் உண்மையைச் சொன்னார். “பழகின செபம் முதல்ல வரும், அம்மா. அது இன்னும் அவரா யோசிச்சுக் கதைக்கிறது இல்லை. ஆனா நல்ல தொடக்கம்.” அதைப் பிடித்துக்கொண்டே அவருக்குச் சொல் சொல்லாகப் பழக்கினார்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு முதல் நாள் மாலை, நான் வேகமாகச் செபித்துக்கொண்டிருக்கையில் அவர் கையைத் தூக்கினார்.

“மெல்ல... சொல்லும். பஸ்... பிடிக்கப் போறீரே?”

எந்தச் செபத்திலும் இல்லாத வார்த்தைகள். அவருடையவை. எனக்காகச் சொன்னவை. சிரித்துக்கொண்டே அழுதேன்.

இன்றும் சில சொற்கள் அவருக்குத் தப்பிப்போகும். முன்போல நான் முந்துவதில்லை. பயிற்சி கொடுத்த அந்தப் பிள்ளையின் பொறுமையிலும் ஆண்டவரின் கையையே கண்டேன். உங்கள் வீட்டில் பேச்சிழந்தவர் இருந்தால் பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள், செபத்தையும் விடாதீர்கள். எங்கள் மன்றாட்டைக் கேட்டவர் உங்கள் மன்றாட்டையும் கேட்பார். சுருவில் பக்கம் வந்தால் எங்கள் மாலைச் செபத்துக்கு இருங்கள். அவர் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்.