ஜம்புநாதன் காட்டாத பாகம்

தவநாயகியக்கா போன தை மாதம் காலமானார். அவர் இருக்கும்வரை இதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று என் கணவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அக்காவின் மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

என் கணவரின் பெயர் ஜம்புநாதன். கார் திருத்துகிறவர். ரெய்னர்ஸ் லேனில் கடைகளுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் பதினான்கு வருடம் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தார். இரண்டு கார் நிற்கக்கூடிய இடம். மூலையில் ஒரு மேசை இருந்தது. தொலைபேசியை எடுப்பதும், எந்தக் கார் எப்போது வருகிறது என்று எழுதி வைப்பதும் என் வேலை. நான் அதிகம் கதைப்பதில்லை. அதனால் வருகிறவர்கள் நான் அங்கே இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவர் பகலில் பெற்றோல் ஷெட்டில் நின்றார், பின்னேரத்தில் கொலிஜ்ஜுக்குப் போனார். டொக்டரிடம் நாரி நோகுது என்று சொல்ல இங்கிலீஷ் வராத காலத்திலேயே, என்ஜினுக்குள் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் பெயர் அவருக்குத் தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிழை இன்னதென்று தெரியாமல் ஒரு பாகத்தையும் மாற்ற மாட்டார். மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தைத் துணியில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார். எங்கே வெடித்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் காரின் திறப்பைக் கொடுப்பார். அவசரத்தில் வந்தவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"இப்ப எல்லாம் கம்பியூட்டர் சொல்லுதுதானே அண்ணை, உங்களுக்கென்ன வேலை?" என்று யாராவது சீண்டுவார்கள்.

"கம்பியூட்டர் எங்கை நோகுதெண்டுதான் சொல்லும். ஏன் நோகுதெண்டு நாங்கள்தான் பாக்கோணும்" என்பார்.

எங்கள் கோயிலுக்கு வருகிற குடும்பங்களில் பாதிப்பேர் அவரிடம்தான் காரைக் கொண்டுவருவார்கள். பாலேந்திரா அண்ணையும் அப்படித்தான். அவர் தவநாயகியக்காவின் கணவர், எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சின்னச் சின்ன வேலைகளைத் தானே செய்து பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோசம். தன் காருக்கும் மகனின் காருக்கும் எயார் ஃபில்டர் மாற்றுவது அவர்தான்.

ஒரு மே மாதம் மகன் சிவதர்ஷன் தன் காரைக் கொண்டுவந்தான். செவன் கிங்ஸில் குடும்பமாக இருக்கிறான். பெற்றோரைப் பார்க்க வந்த இடத்தில், கார் இழுக்குதில்லை, ஏற்றத்தில் திணறுது என்றான். பாலண்ணையும் கூட வந்திருந்தார். என் கணவர் பொனற்றைத் திறந்து பார்த்தார். காற்றுப் போகிற குழாய் ஒன்று அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. அதை மாற்றிவிட்டு எயார் ஃபில்டர் பெட்டியில் கையை வைத்தார்.

"என்ன ஜம்பு," என்றார் பாலண்ணை, "நான் போட்ட ஃபில்டரையும் கழட்டிப் பாத்து எனக்கு மார்க் போடப்போறீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்துக்கொண்டு கையை எடுத்துவிட்டார். மூத்த மனிதர், மகனுக்கு முன்னால் அவருடைய வேலையைச் சோதித்துப் பார்ப்பது மரியாதையில்லை. காரை ஓட்டிப் பார்த்தபோது முன்பைவிட நன்றாக ஓடியது. வெடித்த குழாயைக் காட்டி அனுப்பினார்.

ஜூலையில் பாலண்ணைக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்குக் கடுமையாகிவிட்டது. மகனை உடனே வரச் சொன்னார்கள். சிவதர்ஷன் வேலையிலிருந்து அப்படியே காரில் புறப்பட்டான். நோர்த் சேர்க்குலர் வீதியில் ஓர் ஏற்றத்தில் கார் இழுக்க மறுத்தது. எவ்வளவு மிதித்தும் ஊர்ந்தது. பின்னால் லொறிகள் ஹோர்ன் அடித்தன. கடைசியில் நடு வீதியில் நின்றேவிட்டது. யாரோ இரண்டு பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். அவன் காரை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போய் ரயில் பிடித்தான்.

பாலண்ணை கடைசிவரை நினைவோடு இருந்தாராம். கதவடியையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். மகன் வந்து சேர்ந்தபோது அவர் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அந்தக் காரை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் கராஜில் விட்டார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் என் கணவர் அதைப் பார்க்கத் தொடங்கினார். அதுவரை தொட மனம் வரவில்லை.

என்ஜினுக்குள் எவ்வளவு காற்றுப் போகிறது என்று அளக்க, ஃபில்டருக்கு அடுத்தாற்போல ஒரு சின்னச் சென்சர் இருக்கும். அதற்குள் தலைமுடி போல ஒரு கம்பி. அதைச் சூடாகவே வைத்திருக்கும். காற்றுப் பட்டு அது எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துத்தான் காற்றின் அளவைச் சொல்லும். கம்பியில் ஏதாவது படிந்துவிட்டால், வந்த காற்றைக் குறைத்துச் சொல்லும். கம்பியூட்டர் அதை நம்பிப் பெற்றோலையும் குறைத்துவிடும். பிறகு மிதித்து என்ன பயன்? இதெல்லாம் அவர் சொல்லி எனக்குத் தெரிந்தவை.

அவர் அந்தச் சென்சரின் வயரைக் கழற்றிவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்தார். அவ்வளவு நேரமும் விக்கிக்கொண்டிருந்த என்ஜின், சென்சர் இல்லாமல் சீராக ஓடியது. பிழையாகச் சொல்கிற ஆளை வெளியே அனுப்பியதும் கம்பியூட்டர் தன்பாட்டில் ஓர் அளவை வைத்து ஓட்டுகிறது. அப்படியென்றால் பிழை அந்தச் சென்சரில்தான்.

"கண்டிட்டன்" என்றார். ஒவ்வொரு முறையும் சொல்கிற சொல்தான்.

சென்சரைக் கழற்றினார். கம்பியில் சாம்பல் நிறத்தில் மா பூசினாற்போல இருந்தது. நான் எழுந்து கிட்டப் போனேன். ஃபில்டர் பெட்டியின் நான்கு கிளிப்புகளையும் தட்டி மூடியைத் தூக்கினார். ஃபில்டர் புதிதுதான். மூடியின் உள்பக்கத்தில், சென்சர் இருக்கிற பக்கமாக, கறுப்பு டேப்பால் ஒரு காகிதப் பொட்டலம் ஒட்டியிருந்தது. நேர்த்தியான வேலை. நான்கு பக்கமும் ஒரே அளவில் டேப். காற்று இழுத்து இழுத்துக் காகிதம் கிழிந்து, உள்ளே இருந்தது எல்லாம் சென்சர் பக்கம் போய்விட்டது.

"இதென்னப்பா?" என்று கேட்டார்.

"திருநீறு" என்றேன். காகிதத்தில் பேனையால் 'சிவதர்ஷன், பூரட்டாதி' என்று எழுதியிருந்தது. அது தவநாயகியக்காவின் எழுத்து. கோயிலில் அன்னதானத்துக்குப் பெயர் எழுதி ஒட்டுகிறவர் அவர்தான். மகன் காருக்குள் ஒன்றும் தொங்கவிட மாட்டான், ஐயர் கொடுப்பதைக்கூட எடுத்து எறிந்துவிடுவான் என்று என்னிடம் ஒருநாள் கவலைப்பட்டிருந்தார்.

என் கணவர் பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார்.

"பாலண்ணை அண்டைக்கு ஏன் பகிடி விட்டவர் எண்டு இப்பதான் விளங்குது."

எனக்கு வந்தது நிம்மதிதான். அதை மறைக்க விரும்பவில்லை. "அப்ப உங்களிலை ஒரு பிழையும் இல்லை. பெடியன் வரட்டும், காட்டுங்கோ" என்றேன்.

ஒழுங்கையில் தாயும் மகனும் நடந்து வருவது தெரிந்தது. அவர் எழுந்து, பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். சென்சரைத் துணியால் துடைத்தார். கம்பியைச் சுத்தமாக்கும் மருந்தை அடித்தார். திரும்பவும் துடைத்தார்.

சிவதர்ஷன் சவரம் செய்திருக்கவில்லை. "அங்கிள், என்ன பிரொப்ளம்?" என்று கேட்டான்.

"காத்து அளக்கிற சென்சர், தம்பி."

"மே மாசம் கொண்டுவந்தனான்தானே. அப்ப நீங்கள் அதைப் பாக்கேல்லையா?"

"பாக்கேல்லை."

"ஏன்?"

நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். பதில் அவருடைய பையில் இருந்தது.

"குழாய் வெடிச்சிருந்தது. அதோடை சரி எண்டு நினைச்சிட்டன்."

"நினைச்சிட்டீங்களா? நான் நாப்பது நிமிஷம் லேட், அங்கிள். அப்பா டோரைப் பாத்துக்கொண்டு இருந்தவர்."

"கத்தாதை ராசா," என்றார் தவநாயகியக்கா. வெள்ளைச் சேலையில் மிகவும் சிறுத்துப்போயிருந்தார். "அத்தனை லொறிக்கு நடுவிலை நிண்டும் உனக்கொரு கீறல் விழேல்லை. ஏனெண்டு தெரியுமே? உனக்குத் தெரியாமல் காருக்குள்ளை கோயில் திருநீறு வைச்சிருக்கு. அப்பாவைக் கொண்டுதான் வைப்பிச்சனான். கடைசியா அவர் உனக்குச் செய்தது அது. அதுதான் உன்னைக் காப்பாத்தினது."

"அம்மா, ப்ளீஸ். எங்க வச்சனீங்கள்?"

"அது என்னத்துக்கு உனக்கு? எடுத்து எறியிறதுக்கே?" என்றவர் என் கணவரின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் கண்டிருப்பீர். கழட்டிப் போடேல்லைத்தானே?"

"இல்லையக்கா. பத்திரமா இருக்குது."

சிவதர்ஷன் கையை நீட்டினான். "பழைய பார்ட்டைக் காட்டுங்கோ. எல்லாருக்கும் காட்டுவீங்களே."

அவர் சென்சரைக் கொடுத்தார். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது க்ளீனா இருக்கு."

"ம்."

"அப்ப இதுதான் பிழையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? சும்மா கெஸ் பண்ணுறீங்கள்."

கலியாணம் கட்டிய இருபத்தைந்து வருடத்தில் அவர் எதையும் ஊகித்துச் செய்ததை நான் பார்த்ததில்லை.

"ஓம் தம்பி," என்றார். "என்ரை பிழைதான்."

புதுச் சென்சர் போட்டு இரண்டு நாளில் காரைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் என்னைக் கோயிலுக்கு அனுப்பித் திருநீறு எடுப்பித்தார். புதிய காகிதத்தில் மடித்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் ஒட்டினார். அக்காவுக்குச் சொன்னது பொய்யாகக் கூடாதாம்.

சிவதர்ஷன் கெட்ட பிள்ளையில்லை. நடந்ததை நடந்தபடியே, தனக்குத் தெரிந்தபடி, கோயில் வட்ஸப் குழுவில் இங்கிலீஷில் எழுதினான். அதற்குப் பிறகு என் மேசையில் தொலைபேசி குறைந்தது. ஜம்புவுக்கு வயது போய்விட்டது என்றார்கள். மரக்கறிக் கடையில் ஒருவர், "ஜம்பண்ணை, என்ரை கார் ஏன் சத்தம் போடுது? கெஸ் பண்ணுங்கோ பாப்பம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இவர் கத்தரிக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே நின்றார். நான் கடைக்கு வெளியே போய்விட்டேன்.

அடுத்த வருடம் கராஜைக் கைவிட்டோம். இப்போது சவுத்தாலில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்கிறார். டயரைக் கழற்றுவது, பூட்டுவது. எது ஏன் பழுதானது என்று அங்கே அவரை யாரும் கேட்பதில்லை.

தவநாயகியக்காவைக் கடைசியாகக் கண்டது கோயில் வாசலில். கைத்தடியோடு நின்று எங்களைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு உம்மிலை கோவமில்லை. நான் உம்மை மன்னிச்சிட்டன். அவரின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டும் சொல்லிப்போட்டன்."

இவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லதக்கா" என்றார். பிறகு அவருடைய கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு மனம் ஆறவில்லை. "இஞ்சேருங்கோ, நீங்கள் என்னத்துக்கு மன்னிப்பு வாங்கினனீங்கள்?" என்று கேட்டேன். பக்கத்துச் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ குடுத்தவ. வேண்டாமெண்டு சொல்ல ஏலுமே?"

"செய்யாத பிழைக்கோ?"

அவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு ஃபில்டர் பெட்டியிலை கை வைச்சனான்," என்றார். "அந்தாள் பகிடி விட்டதும் எடுத்திட்டன். நாலு கிளிப்புத்தான். அண்டைக்குத் திறந்திருந்தால் பெடியன் நேரத்துக்குப் போயிருப்பான்."

அது உண்மை.