மிஸ் வெர்னெல் எடுத்து வைத்த ஓரத் துண்டு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் சாப்பாடு ஒழுங்காக இறங்காது. ஹால்பர்ட் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குத் தடுக்கத் தெரியும், பாயிண்ட் எடுக்கத் தெரியாது. போன வருஷம் பதினோரு ஆட்டங்களில் எட்டில் தோற்றோம். அதில் ஐந்தில் எதிரணி இருபது பாயிண்ட்கூட எடுக்கவில்லை. இந்த வருஷமாவது பந்தை ஒழுங்காக எறிய ஒருவன் கிடைப்பானா என்பதுதான் முடிவெட்டும் கடையிலும் சர்ச் வாசலிலும் பேச்சு. கோச் பயிற்சி மைதானத்து வேலி முழுக்கப் பச்சைத் தார்ப்பாய் கட்டிவிட்டார். ஆட்கள் அந்தப் பக்கம் காரை மெதுவாக ஓட்டிப் போய், கேட்ட விசில் சத்தத்தை வைத்தே பலன் சொன்னார்கள்.

அந்தப் பையன்களைத் தினமும் மிக அருகில் பார்த்த ரசிகை மிஸ் வெர்னெல் டாலிவர். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில், வீரர்களுக்கான வரிசையில், இருபத்திரண்டு வருஷமாகப் பரிமாறுகிறார். ஸ்டேடியத்தில் அவர் இருக்கையும் எங்கள் இருக்கைகளும் அடுத்தடுத்து. கணவர் விட்டுப்போன வருஷம்கூட அவர் ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை என்று அப்பா சொல்வார்.

யாருக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஜாரெல் ப்ரூயிட்டுக்குச் சீஸ் மக்ரோனியின் ஓரத் துண்டு, அடுப்பில் வேகவைத்த ட்ரேயின் மூலையில் கருகி மொறுமொறுவென்று இருப்பது. ஜாரெல்தான் பந்து எறிகிற பையன். மூன்று வருஷம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். முதல் வருஷம் வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் திரிந்தவனை இந்த ஓரத் துண்டைக் காட்டித்தான் மிஸ் வெர்னெல் வழிக்குக் கொண்டு வந்தார். அதிலிருந்து அவன் கூட்டம் போன பிறகு கடைசியாக வருவான். கவுண்டரிலேயே நின்று சாப்பிட்டுக்கொண்டு, தங்கச்சியின் பல் விழுந்ததிலிருந்து கோச்சின் திட்டு வரைக்கும் அவரிடம் சொல்வான். இந்த வருஷம் அவன் முறை. ஆனால் கோடையில் பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து கோல்ட்டர் என்று ஒருவனைக் கூட்டி வந்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் யார் இறங்குவது என்று முடிவாகவில்லை.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஜாரெல் தட்டை இடது கையில் வாங்கினான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மிஸ் வெர்னெல் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"வலது கைக்கு லீவு குடுத்திருக்கியா, கண்ணு?"

"சரியாத் தூங்கல, மிஸ் வெர்னெல். கழுத்துப் புடிப்பு."

"எங்கிட்டயா கதை விடுற? தோளா?"

அவன் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யாருகிட்டயும் சொல்லிராதீங்க. முதல் ஆட்டத்துல இறங்கிட்டேன்னா போதும், அப்புறம் நான் பாத்துக்குவேன். இப்ப தெரிஞ்சா கோல்ட்டரைப் போட்டுருவாங்க."

"என் வாயிலேருந்து வராது. போ, சூடா இருக்கும்போதே சாப்பிடு."

அவர் அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

புதன்கிழமை மதியம் எங்கள் உள்ளூர் வானொலியில் ரெக்ஸ் மாபரி ஒரு மணி நேரம் ரசிகர்களோடு பேசுவார். மிஸ் வெர்னெல் பத்து வருஷமாக அதில் அழைக்கிறவர். அவர் குரல் வந்தாலே ஊரே ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைக்கும். அதற்கு அடுத்த வாரப் புதன்கிழமை முதலில் வந்தது டயர் கடை லோனி.

"ரெக்ஸ், இந்த வருஷமும் நமக்குப் பட்டை நாமந்தான். சனிக்கிழமை பயிற்சியில ப்ரூயிட் பத்துப் பந்து எறிஞ்சான், ரெண்டுதான் போய்ச் சேந்துச்சாம். எங்க மாமியார் செருப்பை இதைவிடக் குறி பாத்து எறிவாங்க."

"உங்க மாமியாரைக் கோச்சுக்கு அறிமுகம் பண்ணி வையுங்க, லோனி."

"சிரிக்காதீங்க. பையனுக்குப் பயம். மூணு வருஷம் பெஞ்சுல உக்காந்து பயந்தாங்கொள்ளி ஆயிட்டான். அவங்கப்பன் வந்து பாத்தா வெக்கப்படுவாரு."

ஜாரெலுக்கு அப்பா இல்லை. அது லோனிக்குத் தெரியாது, மிஸ் வெர்னெலுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தின் பின்பக்கம் இடைவேளையில் உட்கார்ந்திருந்தவர் அங்கிருந்தே போன் போட்டார். நான் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெக்ஸ், நான் வெர்னெல். அந்த டயர்க்காரரு லைன்ல இருந்தா நல்லாக் கேட்டுக்கட்டும். அந்தப் புள்ளைக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. ரெண்டு வாரமா தோள் வலியோட எறியறான். தட்டு வாங்க வலது கையைத் தூக்க முடியல அவனால, இடது கையில வாங்கறான். அப்பவும் தினம் போயி எறியறான். நீ எறிவியா, லோனி?"

ரெக்ஸ் மெதுவாக, "தோள்னா சொன்னீங்க, மிஸ் வெர்னெல்?" என்றார்.

மிஸ் வெர்னெல் போனை வைத்துவிட்டார்.

மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதை நாலு பேருக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அதையும் எழுதாவிட்டால் இதை எழுதுவதில் நியாயம் இல்லை. மறுநாள் ஜாரெலை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார்கள். பெரிய காயம் இல்லை, மூன்று வாரம் எறியாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த மூன்று வாரத்துக்குள் முதல் இரண்டு ஆட்டங்கள் வந்தன.

கோல்ட்டர் இறங்கினான். முதல் ஆட்டத்தில் நாற்பத்தொரு பாயிண்ட். நாங்கள் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தது அந்தச் சாயங்காலம் எங்கள் கண்ணெதிரில் நடந்தது. எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். நானும் கத்தினேன். பக்கத்தில் மிஸ் வெர்னெல் உட்கார்ந்தே இருந்தார். மைதானத்தின் ஓரத்தில் ஜாரெல் கையைக் கழுத்தில் தொங்கும் துணிக்கட்டில் போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் லோனி நாலு வரிசை இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சீசனையே காப்பாத்திட்டீங்க, மிஸ் வெர்னெல். நீங்க மட்டும் வாயைத் தொறக்கலைன்னா அந்தப் பையனை வச்சுக்கிட்டு மறுபடியும் முங்கியிருப்போம்."

"கையை விடுங்க, லோனி," என்றார் அவர். அவ்வளவுதான்.

அணி தொடர்ந்து ஜெயித்தது. மூன்று வாரம் முடிந்து ஜாரெலின் தோள் சரியானது. ஆனால் ஜெயிக்கிறவனை எந்தக் கோச் உட்கார வைப்பார்?

ஜாரெல் கூடத்தின் பீட்சா வரிசைக்கு மாறிவிட்டான் என்று ஒருநாள் காரில் போகும்போது மிஸ் வெர்னெல் சொன்னார். "கோவமாப் பேசினாக்கூடப் பரவாயில்ல. வந்து நாலு திட்டு திட்டினா வாங்கிக்குவேன்."

"நீங்க போய்ப் பேசிப் பாருங்களேன்," என்றேன்.

"என்னன்னு பேச? பேசித்தானே இவ்வளவும்."

அக்டோபரில் ஒருநாள் பீட்சா அடுப்பு வேலை செய்யவில்லை. வீரர்கள் எல்லோரும் அவர் வரிசைக்கே வந்தார்கள். ஜாரெல் நடுவில் நின்றிருந்தான். முன்பு போலக் கடைசியில் நிற்கவில்லை. அவன் முறை வந்ததும் அவர் ஒன்றும் கேட்காமல் மூலையிலிருந்து ஓரத் துண்டை வெட்டி வைத்தார். அவன் வலது கையை நீட்டித் தட்டை வாங்கினான். கை நன்றாகவே நீண்டது.

"தோள் எப்படியிருக்கு, கண்ணு?"

"நல்லாயிருக்குங்க, மேடம். தேங்க்ஸ்."

மூன்று வருஷத்தில் அவன் அவரை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவன் தூரத்து மேசைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

சீசன் முடிந்ததும் அவன் வேறு கல்லூரிக்குப் போகிறான் என்று கேள்வி. மிஸ் வெர்னெல் வானொலிக்கு இப்போது அழைப்பதில்லை. அவர் எங்கே என்று ரெக்ஸ் ஒவ்வொரு புதன்கிழமையும் கேட்கிறார். மக்ரோனி போடுகிற நாட்களில் மிஸ் வெர்னெல் ஓரத் துண்டு ஒன்றை வெட்டித் தனியாக மூடி வைக்கிறாராம். வேறு யார் கேட்டாலும் தீர்ந்துவிட்டது என்கிறாராம். கூடம் மூடும் வரை அது அங்கேயே இருக்கும். பிறகு அவரே எடுத்துக் குப்பையில் போடுவார்.