மூன்றாவது கூப்பாடு

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நானும் மச்சானும் அரபுப் பாலைவனத்தில் லிவாவுக்குத் தெற்கே, எண்ணெய் தேடுகிற கம்பெனி ஒன்றில் மணலில் ஒயர் பதிக்கிற வேலையில் இருந்தோம். மச்சான் என்றால் என் அக்கா புருஷன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அக்கா என் வாயிலேயே போடுவாள். கேம்ப்பில் மற்றவர்களுக்கு அவர் ‘மதராஸி பாய்’. அவருடைய பேர் அங்கே யாருக்கும் தெரியாது.

சேஃப்டி ஆபீசர் பனிமலை நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரர். அவர் சொல்வதைத் தமிழ் ஆட்களுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

“காத்து ஒரு பக்கம் வாரி மறுபக்கம் கொட்டும். கொட்டின பக்கம் மேல தோல் கட்டி, உள்ள பொலபொலன்னு கிடக்கும். அடியில நோண்டுனா அந்தத் தோல் பலகை மாதிரி பிச்சுக்கிட்டு வந்து ஆளை மூடிரும். அவுக ஊர்ல பனி இப்படித்தான் ஆளைக் கொல்லுமாம். மணலும் அப்படித்தானாம். ஒருத்தர் நோண்டுனா இன்னொருத்தர் தள்ளி நின்னு கண்ணெடுக்காமப் பாக்கணும்.”

பனி என்றதுதான் தாமதம், கூட்டம் சிரித்துவிட்டது.

“பனி ஆளைக் கொல்லுமாம்ல! நம்மூரு மார்கழியில பெய்யாத பனியா? தலையில துண்டைக் கட்டுனாப் போச்சு,” என்றார் மச்சான். வெள்ளைக்காரர் என்னவென்று கேட்டார். “ஓகே சார், எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு” என்று இங்கிலீஷில் சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்ல?

மச்சானுக்கு வேறு பயம். மத்தியானத்தில் காய்ந்த மணல் சரிந்தால் மேடு முழுக்க முனகும். காதில் கேட்பதற்கு முன்னால் அடிவயிற்றில் தெரியும். மணலோடு மணல் உரசுகிறது என்றார் வெள்ளைக்காரர். மச்சான் நம்பவில்லை.

“இதுக்குள்ள என்னமோ இருக்கு மாப்ள. முகம் தெரியாம யாரு கூப்பிட்டாலும் மூணாவது தடவைக்குத்தான் வாயத் தொறக்கணும். அது ரெண்டுக்கு மேல கூப்பிடாது. பதில் சொன்னோம், கூட்டிட்டுப் போயிரும்.”

ஊரில் ராத்திரிக்குச் சொல்வதை இவர் பாலைவனத்துக்கும் இழுத்து வந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வரும்.

குளிர்காலத்தில் ஒருநாள் காலை. விடிந்தும் ஒரே மூடுபனி. மேட்டடியில் சரிந்த மணலுக்குள் ஒயர் மாட்டியிருந்தது. நான் நோண்டினேன், மச்சான் தள்ளி நின்றார். கொஞ்ச நேரத்தில் பனி அவரை மறைத்துவிட்டது.

“அங்கேயே நில்லுங்க மச்சான்!”

“நிக்கிறேன்ப்பா.”

தலைக்கு மேலே யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். நிமிர்வதற்குள் ஈரம் கட்டிய மணல் பாளமாக இறங்கியது. நெஞ்சுவரை புதைந்துவிட்டேன்.

“மச்சான்!”

பதில் இல்லை. மூச்சை விட்டு நெஞ்சு சுருங்கிய இடத்தில் மணல் புகுந்து இறுக்கியது. மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆனால் அவர் கனைப்பது எனக்குக் கேட்டது. அடப்பாவி மனுஷா! அங்கேதான் நிற்கிறார், மூணாவதுக்குக் காத்திருக்கிறார். கோபத்தில் அழுகையே வந்தது. மூணாவதுக்கு வாயைத் திறந்தேன். மேலே மிச்சமிருந்த மணல் அப்போதுதான் வந்தது. வாய் நிறைய மண். மூக்கு மட்டும் வெளியே. இதோடு செத்தேன் என்றே நினைத்தேன்.

சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று, “இந்தா வந்துட்டேன்!” என்று மச்சான் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

கையாலேயே தோண்டி இழுத்துப்போட்டார். பிக்கப்பில் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ரெண்டு தடவை கத்துனேன், கல்லு மாதிரி நின்னீகளே!”

“மூணாவதுக்கு ஓடியாந்துட்டேன்ல?”

“மூணாவது நான் எங்க கூப்பிட்டேன்? வாய் நிறைய மண்ணு!”

அவர் என்னைப் பார்த்தார். “விளையாடாத மாப்ள. ஒருநாளும் சொல்லாதவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறானேன்னுதான் பதறி ஓடியாந்தேன்.”

சத்தியமாக நான் கூப்பிடவில்லை என்றேன். மச்சான் ஜன்னல் கண்ணாடியை மெதுவாக ஏற்றினார். வெளியே பனி அப்படியே நின்றது.

“அப்ப நான் யாருக்குப்பா பதில் சொன்னேன்?” என்றார்.